எந்த நிறம், எந்த க்ரீச்சர்: மேஜிக் போட்டிக்கு டெக் கட்டும் முழுமையான வழிகாட்டி

புதுச்சேரியில் மேஜிக் என்னும் கார்டு விளையாட்டை ஆட வரும் புதியவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் "எந்த நிறம் ஸ்ட்ராங்?" என்றுதான். ஐந்து நிறமும் ஜெயிக்கிறது, ஐந்தும் தோற்கிறது. அதனால் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு டெக் (ஆட எடுத்துச் செல்லும் கார்டுக் கட்டு) கட்டவே முடியாது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: எதிராளியின் 20 லைஃபை (உயிர்ப் புள்ளிகளை) எத்தனையாவது டர்னில், எதை வைத்து இறக்கப் போகிறீர்கள்? இதற்குப் பதில் சொல்லிவிட்டால் நிறம் அநேகமாகத் தானே முடிவாகிவிடும், க்ரீச்சர் (களத்தில் இறங்கிச் சண்டை போடும் கார்டு) பட்டியலும் பாதி தயாராகிவிடும்.

லேண்ட் வைப்பது, அதை டேப் செய்து (பக்கவாட்டில் திருப்பி) மற்ற கார்டுகளின் விலையான மானாவை எடுப்பது, அட்டாக், பிளாக் எல்லாம் தெரிந்து, வீட்டு மேசையிலிருந்து போட்டி மேசைக்கு நகர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஃபார்மட்டை முடிவு செய்யுங்கள்

'மேஜிக்: தி கேதரிங்' 1993-ல் வந்தது. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்தார், விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வெளியிட்டது. இத்தனை வருடத்தில் சேர்ந்த கார்டுகள் பல்லாயிரம். அதில் எவற்றை ஆடலாம் என்று சொல்வதுதான் ஃபார்மட். ஃபார்மட் தெரியாமல் நிறம் பார்ப்பது வீண்.

என்னைக் கேட்டால் பாப்பரில் தொடங்குங்கள். காமன் தரத்தில் அச்சான கார்டுகளை மட்டும் வைத்து ஆடும் ஃபார்மட் இது. 2019-ல் விசார்ட்ஸ் இதற்கு அதிகாரபூர்வ அங்கீகாரம் கொடுத்து, காகித ஆட்டத்துக்கும் ஆன்லைன் ஆட்டத்துக்கும் ஒரே பட்டியல் என்று ஆக்கியது. நமக்கு இது வசதி. அரிய கார்டுகளுக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம், பழைய பெட்டிகளில் கிடக்கும் காமன்களிலிருந்தே போட்டித் தரத்தில் ஒரு டெக் கட்டலாம். பிரான்சில் இருக்கும் மாமாவோ அத்தையோ கொண்டுவந்து கொடுத்த பிரெஞ்சு கார்டுகள் சில புதுச்சேரி வீடுகளில் இருக்கும். அசல் அச்சாக இருந்தால் போட்டியிலும் அவற்றை ஆடலாம், மொழி தடையில்லை. எதிராளி கேட்டால் அந்தக் கார்டு என்ன செய்யும் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டெக்குக்குக் குறைந்தது 60 கார்டு, சைட்போர்டுக்கு (ஒரு மேட்சின் ஆட்டங்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ளும் உபரிக் கார்டுகள்) அதிகபட்சம் 15. பேசிக் லேண்ட் தவிர எந்தக் கார்டும் டெக், சைட்போர்டு இரண்டிலும் சேர்த்து 4-க்கு மேல் கூடாது. 60-க்கு மேலும் போகலாம், ஆனால் போகாதீர்கள். ஒவ்வொரு கூடுதல் கார்டும் உங்கள் நல்ல கார்டு கைக்கு வரும் வாய்ப்பைக் குறைக்கும்.

தடைப் பட்டியலை அவ்வப்போது பாருங்கள். 2025-ல் குல்டோத்தா ரீபர்த், டெட்லி டிஸ்ப்யூட் போன்றவற்றைப் பாப்பரில் தடை செய்தார்கள். பழைய வீடியோவைப் பார்த்து கார்டு வாங்குகிறவர்கள் இப்படித்தான் மாட்டுகிறார்கள்.

வேகத்தைத் தேர்ந்தெடுங்கள்

நாலாவது, ஐந்தாவது டர்னுக்குள் முடிக்கப் பார்ப்பது அக்ரோ. எதிராளியின் கார்டுகளை ஒவ்வொன்றாகக் காலி செய்துவிட்டு, பிறகு சாவகாசமாக ஜெயிப்பது கன்ட்ரோல். சில கார்டுகளைச் சேர்த்து ஒரே வீச்சில் முடிப்பது காம்போ. இரண்டு வேகத்துக்கும் நடுவில் நிற்பவை மிட்ரேஞ்ச்.

முதல் போட்டி டெக்காக நான் அக்ரோவைத்தான் சொல்வேன். கன்ட்ரோல் ஆட, எதிராளியின் டெக்கில் என்னென்ன வரும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். அது இல்லாமல் எதிராளியின் கார்டை ரத்து செய்யும் கவுண்டர்ஸ்பெல்லைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், எதை நிறுத்துவது, எதை விடுவது என்பதிலேயே ஆட்டம் போய்விடும். இன்னொரு காரணமும் உண்டு. கன்ட்ரோல் ஆட்டம் நீளும். மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டிய மேட்சுக்கு வழக்கமாக 50 நிமிடம்தான் கொடுப்பார்கள். அதற்குள் முடிக்காமல் டிரா ஆவது புதியவர்களுக்குச் சாதாரணமாக நடக்கும்.

நிறங்கள்: எது முடியாது என்று பாருங்கள்

எந்த நிறத்தால் என்ன முடியும் என்று எல்லோரும் சொல்வார்கள். டெக் கட்டுகிறவர் பார்க்க வேண்டியது, எந்த நிறத்தால் என்ன முடியாது என்பதை.

சிவப்பு வேகமான நிறம். லைட்னிங் போல்ட் ஒரு மானாவுக்கு 3 டேமேஜ், க்ரீச்சர் மேலும் போடலாம், ஆளின் மேலும் போடலாம். ஃபயர்பிளாஸ்ட்டுக்கு மானாவே வேண்டாம், சிவப்பு மானா தரும் லேண்டான மவுண்டன் இரண்டைத் தியாகம் செய்தால் 4 டேமேஜ். ஆனால் எதிராளி ஒரு என்சான்ட்மென்ட்டை (களத்தில் தங்கும் மந்திரக் கார்டு) வைத்துவிட்டால் சிவப்பு பெரும்பாலும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். பெரிய டஃப்னஸ் (எவ்வளவு டேமேஜ் தாங்கும் என்ற எண்) உள்ள க்ரீச்சரும் சங்கடம்தான்.

கருப்பு க்ரீச்சரைக் கொல்வதில் கில்லாடி, எதிராளியின் கையையும் காலி செய்யும். ஆனால் ஆர்டிஃபாக்ட் (கருவிக் கார்டு), என்சான்ட்மென்ட் முன்னால் இதுவும் பலவீனம்.

வெள்ளை எதையும் ஓரளவு சமாளிக்கும். சின்னச் சின்ன க்ரீச்சர்களைக் கூட்டமாக்கி அடிக்கும், ஜர்னி டு நோவேர் போன்றவற்றால் எந்த க்ரீச்சரையும் எக்ஸைல் செய்யும் (களத்தை விட்டு விலக்கி வைக்கும்). கார்டு டிரா செய்வதில்தான் சற்று பின்தங்கும்.

நீலம் கார்டு டிரா செய்யும், கவுண்டர் செய்யும், பறக்கும். ஒருமுறை களத்தில் வந்து உட்கார்ந்துவிட்ட க்ரீச்சரை நிரந்தரமாக அகற்றுவதில் அதற்கு வழி குறைவு. கைக்குத் திருப்பி அனுப்பலாம், அது மறுபடி வரும்.

பச்சையில் க்ரீச்சர்தான் எல்லாம். மானாவும் க்ரீச்சர், அடியும் க்ரீச்சர், சில டெக்குகளில் லைஃப் ஏற்றுவதும் க்ரீச்சர். அதனால் க்ரீச்சர்களை ஒட்டுமொத்தமாகத் துடைக்கும் ஸ்பெல் வந்தால் பச்சைக்கு ஆட்டம் அங்கேயே நின்றுவிடும்.

ஒரு நிறமா, இரண்டா?

இங்கேதான் நிறைய டெக்குகள் கெட்டுப்போகின்றன. கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பஸ் ஏறி வந்து ஆடும் தம்பி ஒருவர், சிவப்பு டெக்கை என்னிடம் காட்டிக் கேட்டார்: "அண்ணே, டெர்மினேட் நாலு போட்டா எந்த க்ரீச்சரையும் கொன்னுடலாம். அதுக்கு நாலு ஸ்வாம்ப் வெச்சா போதாதா?"

டெர்மினேட் நல்ல கார்டுதான். சிவப்பு ஒன்று, கருப்பு ஒன்று, ஆக இரண்டே மானா. கணக்கைப் பாருங்கள். 60 கார்டில் ஒரு கார்டை 4 பிரதி வைத்தால், முதல் 7 கார்டு கையில் அது வரும் வாய்ப்பு 40 சதவீதம். கருப்பு மானா தரும் லேண்டான ஸ்வாம்ப்பும் 4 என்றால் அதற்கும் அதே 40. இரண்டும் சேர்ந்து முதல் கையில் இருக்கும் வாய்ப்பு 15 சதவீதத்துக்கும் கீழே. மற்ற நேரமெல்லாம் டெர்மினேட் கையில் சும்மா இருக்கும், அல்லது சிவப்பு க்ரீச்சர் இறக்க வேண்டிய இடத்தில் ஸ்வாம்ப் நிற்கும். ஒரு அப்பளம் பொரிக்க இன்னொரு அடுப்பு பற்றவைக்கிற மாதிரிதான் இது.

லேண்ட் கணக்கையும் பார்த்துவிடலாம். 18 லேண்டும் மவுண்டன் என்றால், முதல் கையில் குறைந்தது ஒரு மவுண்டன் இருக்கும் வாய்ப்பு 93 சதவீதம். அதை ஒன்பது ஒன்பதாகப் பிரித்தால் மவுண்டன் வரும் வாய்ப்பு 70-க்கு இறங்கிவிடும். 6 மட்டும் இருந்தால் 54, ஏறக்குறைய நாணயம் சுண்டுவதுதான். முதல் டர்னிலேயே க்ரீச்சர் இறக்க வேண்டிய டெக்குக்கு 70 போதவே போதாது.

இரண்டு நிறமும் தரும் லேண்ட் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் பாப்பரில் அவற்றில் பெரும்பாலானவை டேப் ஆகித்தான் களத்துக்கு வரும், அந்த டர்னில் பயன்படாது. கன்ட்ரோல் டெக் இந்தத் தாமதத்தைத் தாங்கும், அக்ரோ தாங்காது.

இரண்டாவது நிறம் உள்ளே வர வேண்டுமென்றால் முதல் நிறத்தால் செய்யவே முடியாத ஒரு வேலையைச் செய்ய வேண்டும், அந்த வேலையும் பல ஆட்டங்களில் தேவைப்பட வேண்டும். ஒரு கார்டு அழகாக இருக்கிறது என்பது காரணமில்லை. இதைவிடக் கறாராகவே சொல்கிறேன்: முதல் டெக் அக்ரோ என்றால் ஒரே நிறத்தில் கட்டுங்கள்.

ஒரே நிறத்துக்குப் பரிசாகவே சில கார்டுகள் இருக்கின்றன. கருப்பில் கிரே மெர்ச்சன்ட் ஆஃப் அஸ்ஃபோடெல் அப்படி ஒன்று. களத்துக்கு வரும்போது, உங்கள் பக்கம் உள்ள கார்டுகளின் மானா விலையில் எத்தனை கருப்புக் குறி இருக்கிறதோ அத்தனை லைஃபை எதிராளி இழப்பார், நீங்களும் லைஃப் பெறுவீர்கள். அது தனியாக வந்தால் 2. களத்தில் இரண்டு சிட்டரிங் ராட்ஸ் ஏற்கெனவே இருந்தால் 6. டெக்கில் பாதி சிவப்பு என்றால் இந்த எண்ணிக்கை ஏறவே ஏறாது.

க்ரீச்சர்: நான்கு கேள்வி

பவர் (அடிக்கும் பலம்), டஃப்னஸ் எண்களைப் பார்த்து மட்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஒவ்வொரு க்ரீச்சரையும் கையில் எடுத்து நாலு கேள்வி கேளுங்கள்.

இறங்கிய உடனே இதைக் கொன்றுவிட்டால் எனக்கு என்ன மிஞ்சும்? இதுதான் மிக முக்கியமான கேள்வி. நாலு மானா கொடுத்து இறக்கிய க்ரீச்சரை எதிராளி ஒரு மானா போல்ட்டில் கொன்றால் உங்களுக்கு மூன்று மானா நஷ்டம், ஒரு டர்னும் போச்சு. ஆனால் எல்விஷ் விஷனரி இறங்கும்போதே ஒரு கார்டு டிரா செய்யும். சிட்டரிங் ராட்ஸ் இறங்கும்போது எதிராளி தன் கையிலிருந்து ஒரு கார்டை டெக்கின் மேலே வைக்க வேண்டும், அதாவது அவர் அடுத்த டர்னில் புதுக் கார்டு பார்க்க மாட்டார். இவற்றைக் கொன்றாலும் வந்த வேலை முடிந்துவிட்டது. சண்டைக்கு வந்தால் ஒன்றும் பெரிதில்லை என்று தோன்றும் கார்டுகள் போட்டி டெக்கில் இடம் பிடிப்பது இதனால்தான்.

அடுத்து, எதிராளியின் பிளாக்கரைத் தாண்ட முடியுமா? பறப்பது நல்ல வழி. கோர் ஸ்கைஃபிஷர் இரண்டு மானாவுக்கு 2/3 (பவர் 2, டஃப்னஸ் 3), பறக்கும். களத்துக்கு வரும்போது உங்கள் பெர்மனென்ட் (களத்தில் இருக்கும் கார்டு) ஒன்றைக் கைக்கு எடுக்க வேண்டும் என்பது அதன் குறை போலத் தெரியும். அந்தக் குறையில்தான் ஆட்டமே இருக்கிறது. களத்தில் த்ரேபன் இன்ஸ்பெக்டர் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு மறுபடி இறக்குங்கள், இன்னொரு க்ளூ டோக்கன் (பிறகு கார்டு டிரா செய்ய உதவுவது) கிடைக்கும்.

மூன்றாவது, எந்த ரிமூவலில் (க்ரீச்சரை அகற்றும் கார்டு) சாகும், எதில் சாகாது? சிவப்பு இருக்கும் இடத்தில் டஃப்னஸ் 3-க்கும் 4-க்கும் இடையில் பெரிய வித்தியாசம், காரணம் போல்ட்டின் 3 டேமேஜ். குர்மாக் ஆங்லரை எடுத்துக்கொள்ளுங்கள். விலை 7 மானா என்று எழுதியிருக்கும், பார்த்ததும் ஒதுக்கிவிடுவோம். ஆனால் கல்லறையில் (பயன்படுத்தி முடித்த கார்டுகள் சேரும் இடம்) கிடக்கும் கார்டுகளை எக்ஸைல் செய்து விலையைக் குறைக்கலாம், பல நேரம் ஒன்றிரண்டு மானாவுக்கே 5/5 இறங்கிவிடும். போல்ட்டில் சாகாது. அதுவே கருப்பு என்பதால் கருப்பைத் தொட முடியாத டூம் பிளேடும் பலிக்காது. ஜர்னி டு நோவேர், டெர்மினேட் போன்றவைதான் பிடிக்கும். உங்கள் மேசையில் அவற்றை ஆடுகிறவர் குறைவு என்றால் இந்த மீனைத் தடுப்பது கஷ்டம்.

கடைசியாக, மீதி டெக் இதற்கு ஒத்துழைக்கிறதா? டெல்வர் ஆஃப் சீக்ரெட்ஸ் ஒரு மானா 1/1. உங்கள் டர்ன் தொடங்கும்போது டெக்கின் மேல் கார்டைப் பார்த்து, அது இன்ஸ்டன்ட்டோ சார்சரியோ (ஒருமுறை பயன்பட்டு முடியும் மந்திரக் கார்டுகள்) என்றால் காட்டிவிட்டு இதை 3/2 பறக்கும் பூச்சியாக மாற்றலாம். 60-ல் அப்படிப்பட்ட கார்டு 30 இருந்தால் ஒவ்வொரு டர்னும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. க்ரீச்சர் நிறைந்த டெக்கில் அதே டெல்வர் கடைசிவரை 1/1 ஆகவே இருக்கும். நல்ல க்ரீச்சர், கெட்ட க்ரீச்சர் என்று தனியாக எதுவும் இல்லை என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதை வைத்துத்தான்.

பத்து மானா டிராகன் ஒன்றாவது வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: கமாண்டர் ஆடுங்கள். 40 லைஃப், 100 கார்டு, நாலு பேர், சாயங்காலம் முழுக்க ஆடலாம். டிராகனுக்கு ஏற்ற இடம் அதுதான்.

ஒரு டெக்கைக் கட்டிப் பார்ப்போம்

பச்சை எல்ஃப் டெக்கை எடுத்துக்கொள்கிறேன். ஒரே நிறம், ஒரே இனம், மானா வளைவை (எந்த விலையில் எத்தனை கார்டு என்ற பங்கீட்டை) புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஒரு மானாவில் லானோவார் எல்வ்ஸ் 4, ஃபின்ட்ஹார்ன் எல்வ்ஸ் 4, எல்விஷ் மிஸ்டிக் 4. மூன்றும் பெயரில்தான் வேறு, வேலை ஒன்றுதான்: டேப் செய்தால் ஒரு பச்சை மானா. ஏன் 12? முதல் கையில் இவற்றில் ஒன்றாவது வரும் வாய்ப்பு, 4 வைத்தால் 40 சதவீதம், 8 வைத்தால் 65, 12 வைத்தால் 81. முதல் டர்ன் எல்ஃப் இல்லாமல் இந்த டெக் ஓடாது. குவிரியன் ரேஞ்சர் 4 சேருங்கள். ஒரு ஃபாரஸ்ட்டைக் கைக்கு எடுத்துக்கொண்டு டேப் ஆன ஒரு க்ரீச்சரை நிமிர்த்தும், டர்னுக்கு ஒருமுறை.

இரண்டு மானாவில் ப்ரீஸ்ட் ஆஃப் டைட்டேனியா 4, எல்விஷ் விஷனரி 4, வெல்விஷர் 4. மூன்று மானாவில் டிம்பர்வாட்ச் எல்ஃப் 4. நாலு மானாவில் லிஸ் அலானா ஹன்ட்மாஸ்டர் 4. மொத்தம் 36 க்ரீச்சர். இத்துடன் வைண்டிங் வே 4, லீட் தி ஸ்டாம்பீட் 4, ஃபாரஸ்ட் 16. ஆக 60.

லேண்ட் 16 குறைவாகத் தோன்றும். 12 எல்ஃபும் மானா தருவதால் மானா வரும் வழி 28 என்று கணக்கு வையுங்கள். லீட் தி ஸ்டாம்பீட் மேலிருந்து ஐந்து கார்டைப் பார்த்து அதில் உள்ள க்ரீச்சர்களைக் கைக்குக் கொடுக்கும். டெக்கில் 60 சதவீதம் க்ரீச்சர் என்பதால் சராசரியாக மூன்று கார்டு. இன்னும் நாலைந்து ஸ்பெல் சேர்க்கலாமே என்று க்ரீச்சரைக் குறைத்தால் இந்தக் கார்டின் பலம் போய்விடும்.

எப்படி ஓடும் என்று பாருங்கள். முதல் டர்ன் லானோவார். இரண்டாவது டர்னில் இரண்டு லேண்டும் லானோவாரும் சேர்ந்து மூன்று மானா: ப்ரீஸ்ட்டும், இன்னொரு ஒரு மானா எல்ஃபும் இறக்கலாம். மூன்றாவது டர்னில் லேண்ட் மூன்று, சின்ன எல்ஃப் இரண்டு, களத்தில் எத்தனை எல்ஃபோ அத்தனை மானா தரும் ப்ரீஸ்ட்டிடமிருந்து மூன்று. மொத்தம் 8. அதில் ஹன்ட்மாஸ்டரை இறக்கிவிட்டு மீதி 4 மானாவில் கையில் இருக்கும் சின்ன எல்ஃப்களைப் போட்டால், ஒவ்வொன்றுக்கும் ஒரு 1/1 டோக்கன் கிடைக்கும். எல்லோருக்கும் எல்லா ஆட்டத்திலும் இப்படிக் கை அமையாது. அமைந்தால் எதிராளி மேசையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

முடிக்கும் வேலை டிம்பர்வாட்ச்சுக்கு. கூட்டமாக அட்டாக் செய்யுங்கள், எதிராளி பிளாக்கர்களை அறிவிக்கும்வரை பொறுங்கள். பிளாக் ஆகாமல் தப்பிய எல்ஃப் மேல் டிம்பர்வாட்ச்சை டேப் செய்யுங்கள், களத்தில் எத்தனை எல்ஃபோ அத்தனை பவர் ஏறும். பிளாக்குக்கு முன்பே அவசரப்பட்டால் எதிராளி அந்த ஒன்றுக்குக் குறுக்கே ஏதாவது ஒன்றை நிறுத்திவிடுவார், அத்தனை பவரும் அந்த ஒரு பிளாக்கரோடு போய்விடும். இறக்கிய அதே டர்னில் டேப் செய்ய முடியாது என்பதால் டிம்பர்வாட்ச்சை ஒரு டர்ன் முன்பே தயாராக வைத்திருக்க வேண்டும்.

சைட்போர்டு

இந்த எல்ஃப் டெக்குக்குச் சிம்மசொப்பனம் எலக்ட்ரிக்கெரி. மூன்று மானா கொடுத்து ஓவர்லோடு செய்தால் எதிர்ப்பக்க க்ரீச்சர் ஒவ்வொன்றுக்கும் ஒரு டேமேஜ், எல்ஃப் கூட்டத்தில் பெரும்பாலானவை காலி. கருப்பில் க்ரிப்ட் ராட்ஸும் இதே வேலையைச் செய்யும். எனவே இரண்டாவது ஆட்டத்தில் கையில் இருப்பதையெல்லாம் களத்தில் கொட்டாமல் இரண்டு மூன்று க்ரீச்சரைப் பின்னால் வைத்திருக்கப் பழகுங்கள். அதற்குக் கார்டு தேவையில்லை, பொறுமைதான் தேவை.

பொதுவாக 15-ஐ இப்படி யோசியுங்கள்: உங்கள் மேசையில் அடிக்கடி வரும் டெக் மூன்றை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நாலைந்து கார்டு. சிவப்புக்கு எதிராக நீலத்தில் ஹைட்ரோபிளாஸ்ட்டும் நீலத்துக்கு எதிராகச் சிவப்பில் பைரோபிளாஸ்ட்டும் ஒரு மானாவில் வேலையை முடிக்கும். ஒவ்வொரு மேட்ச்அப்பிலும் எதை உள்ளே எடுப்பது என்பதோடு, எதை வெளியே வைப்பது என்றும் வீட்டிலேயே எழுதிப் பழகுங்கள். உள்ளே வர ஆறு கார்டு தயாராக இருக்கும், வெளியே போகத் தகுதியானது இரண்டுதான் இருக்கும். அப்படியானால் அந்த ஆறில் நாலு தேவையில்லை.

ஓட்டிப் பாருங்கள், பிறகு பஸ் ஏறுங்கள்

கார்டு வாங்கும் முன் தாளில் எழுதி, ஸ்லீவுக்குள் செருகி நண்பர்களோடு ஆடுங்கள். வீட்டு ஆட்டத்துக்கு அது போதும், அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் அனுமதி கிடையாது. தனியாக இருந்தால் எதிராளி இல்லாமலே கலைத்து ஏழு கார்டு எடுத்து, எத்தனையாவது டர்னில் 20 டேமேஜ் வருகிறது என்று குறித்துவாருங்கள். பத்து முறை செய்தால் டெக்கின் உண்மையான வேகம் தெரிந்துவிடும். கை சரியில்லை என்றால் முல்லிகன் (கையைத் திருப்பிக் கலைத்துப் புதிதாக எடுப்பது) எடுக்கக் கூச்சப்படாதீர்கள். 2019-லிருந்து மறுபடி ஏழு கார்டு எடுத்து, முல்லிகனுக்கு ஒன்று வீதம் பிடிக்காததை அடியில் வைத்தால் போதும் என்று விதி தளர்ந்திருக்கிறது. பாப்பர் டெக்குகள் எப்படிப் போகின்றன என்று அறிய மேஜிக் ஆன்லைன் போட்டி முடிவுகளைப் பார்க்கலாம், ஜெயித்தவர்களின் முழு டெக் பட்டியலும் வெளிவரும்.

ஸ்லீவ் விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு தனி எச்சரிக்கை. கடற்காற்றின் ஈரத்தில் மினுமினுப்பான ஃபாயில் கார்டுகள் சுருளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் மோசம். 60-ல் ஒன்று மட்டும் வளைந்திருந்தால் கலைக்கும்போதே அது எது என்று தெரிந்துவிடும், நடுவர் அதை அடையாளக் கார்டு என்று பிடித்தால் தண்டனை உண்டு. போட்டி டெக்கில் சாதாரணக் கார்டுகளே நல்லது. எல்லா ஸ்லீவும் ஒரே பாக்கெட்டிலிருந்து, ஒரே நிறத்தில் இருக்கட்டும். டெக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள், செருப்புப் பெட்டியில் வருவதே போதும்.

அங்கீகாரம் பெற்ற கடைகளை விசார்ட்ஸ் தளத்தில் தேடலாம். சென்னை, பெங்களூரு என்று கிளம்புவதற்கு முன் ஃபார்மட் பாப்பர்தானா என்று கடையில் போன் செய்து கேட்டுவிடுங்கள். டெக் பட்டியல் எழுதிக் கொடுக்கச் சொன்னால் முதல் நாள் இரவே எழுதிவிடுங்கள். டெக் 60, சைட்போர்டு 15, லேண்ட் எண்ணிக்கை சரியா என்று இன்னொருவரை விட்டு எண்ணச் சொல்லுங்கள். பட்டியலும் பெட்டியும் ஒத்துப்போகவில்லை என்றால் ஆடாமலே ஒரு ஆட்டம் தோல்வி என்று எழுதிவிட வாய்ப்புண்டு.